கொடியில் காயும் தாள்கள்

"என் தாளைப் படிச்சாச்சாம்மா?"

மலையேறி வந்த மூச்சு அடங்கும் முன்பே உலகம்மை கேட்டுவிட்டாள். ஒரு கும்பிடு கூடப் போடவில்லை.

வாசல்படியில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். சளி பிடித்த முகம். கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு.

"யாரு தாளை?"

"என் தாளை. உலகம்மை. புளியங்கரைக்காரி."

"பேரச் சொன்னா எனக்கு எப்படித் தெரியும்க்கா? தாள்ல பேரே இருக்காதே."

இவள்தான் அந்த வருடம் மலைக் கல்லூரியில் தாள் பார்க்கும் ஆசிரியை. பெயர் குழல்வாய்மொழி. நரைத்த தலையும் கனத்த குரலுமாக ஒருவரை எதிர்பார்த்து வந்த உலகம்மைக்கு, தன்னைவிட மூன்று வயது இளையவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் சப்பென்று ஆகிவிட்டது.

மலைக் கல்லூரியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

வருடத்துக்குப் பதினொரு பேரைத்தான் அங்கே சேர்ப்பார்கள். ஏன் பதினொன்று என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். எல்லாம் அவரவர் கட்டிவிட்டது. அங்கே படித்து இறங்கியவர்கள் ஆறு அடுத்து எந்தப் பக்கம் திரும்பும் என்று சொன்னார்கள். கிரகணம் எப்போது பிடிக்கும், எப்போது விடும் என்று சொன்னார்கள். அப்புறம் என்ன, பிள்ளை பெற்ற வீடெல்லாம் மலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

பரீட்சை ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு தாள். அதில் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்.

'உன்னை விடாத கேள்வி எது?'

வந்து சேரும் தாள்களை எல்லாம் படியெடுக்கிறவர்கள் மூன்று பேர் ஒரே அளவுத் தாளில், ஒரே மாதிரி கையெழுத்தில், பெயர் இல்லாமல் எழுதி வைப்பார்கள். பெயர் உள்ள மூலத் தாள்கள் பெட்டிக்குள் போய்விடும். பெட்டிச் சாவி வேறொருவரிடம். கையெழுத்து அழகைப் பார்த்தோ, இன்னார் மகள் என்று பார்த்தோ மனம் சாய்ந்துவிடக் கூடாது அல்லவா?

ஒருவர் தன் ஆயுளில் மூன்று தடவைதான் தாள் கொடுக்கலாம். உலகம்மைக்கு இது மூன்றாவது.

தாளைக் கொடுத்தவர்கள் அடிவாரச் சத்திரத்தில் காத்திருப்பார்கள். சாரல் காலம் முடிவதற்குள் ஏதோ ஒரு நாள் பதில் வரும். எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. அதுதான் கொடுமை.

அந்தச் சத்திரத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். படித்த பிள்ளைகள், நல்ல மூளைக்காரர்கள், மலைச் சமையலறையில் புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகை வந்தால் ஆசிரியர்கள் விழித்திருக்கிறார்கள், அதாவது தாள் பார்க்கிறார்கள். வராவிட்டால் பார்த்து முடித்துவிட்டார்கள். மலையிலிருந்து தபால் கொண்டுவருகிறவன் ஒருநாள் தும்மினான். அதற்கு இரண்டு கட்சிகள் உண்டாகி, சாயங்காலம் வரை வாதம் நடந்தது. ஒருத்தன் மட்டும் தனக்கு இடம் கிடைத்தாலும் ஒன்றுதான், கிடைக்காவிட்டாலும் ஒன்றுதான் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான். பாதையை அதிகமாகப் பார்த்தவன் அவன்தான்.

உலகம்மை இதையெல்லாம் பார்த்துச் சிரித்தவள்தான். இருபதாம் நாள் காலையில், தபால்காரனின் கழுதைக்கு எந்தக் காது முதலில் ஆடுகிறது என்று தானே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். பயந்துபோனாள். செருப்பை மாட்டினாள். ஏறக் கூடாத பாதையில் ஏறிவிட்டாள்.

"வந்தவங்க யாரையும் இப்படிப் பாத்துப் பேசுறது வழக்கமில்ல," என்றாள் குழல்வாய்மொழி.

"தெரியும்மா."

"அப்புறமும் வந்திருக்கீங்க."

உலகம்மை மறைக்கவில்லை. முதல் தடவை வாத்தியார் சொல்லச் சொல்ல எழுதினாள், போயிற்று. இரண்டாம் தடவை, இடம் கிடைத்த ஒருத்தியின் தாளை வாங்கிப் பார்த்து அதே மாதிரி எழுதினாள், அதுவும் போயிற்று. இப்போது முப்பத்தொரு வயது. ஊரில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்திருந்தாள். இல்லை என்றால் இல்லை என்று இப்போதே தெரிந்தால் போதும், காத்திருக்க இனித் தெம்பில்லை என்றாள்.

குழல்வாய்மொழி மூக்கைத் தேய்த்துக்கொண்டாள்.

"சரி. உங்க தாளை எடுத்துக்கிட்டு வந்து என் கையில குடுங்க. அந்த இடத்துலயே படிச்சு, உண்டா இல்லையான்னு சொல்லிருதேன்."

"எங்க இருக்கும்மா?"

குழல்வாய்மொழி கதவைத் தள்ளினாள்.

நீளமான கூடம். இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை வரிசை வரிசையாகக் கொடி கட்டியிருந்தது. சாரல் காலத்தில் மலையில் மை காயாது. அதனால் படியெடுத்த தாள்களை மூங்கில் குச்சி செருகிக் கொடியில் தொங்கவிடுவார்கள். அறுநூற்று நாற்பது தாள்கள். பக்கத்துச் சன்னல் வழியே மேகம் உள்ளே வந்து, தாள்களுக்கு நடுவே நடந்து, எதிர்ச் சன்னல் வழியே போய்க்கொண்டிருந்தது. மேகம் வரும்போது தாள்கள் மறைந்தன. போனதும் மறுபடி தொங்கின.

உலகம்மைக்குத் தான் சத்திரத்துப் பாயில் படுத்துக் கனவு காண்கிறோமோ என்று இருந்தது. கையைக் கிள்ளிப் பார்த்தாள். வலித்தது.

ஆனால் மனசுக்குள் தைரியம் வந்திருந்தது. தன்னுடைய தாள் கடலைப் பற்றியது. அது தெரியும். கடல் என்று கண்ணில் பட்டால் எடுத்துவிடலாம். அரை நாள் வேலை.

தாள் அவள் கைப்பட எழுதியதல்ல. அடிவாரத்தில் மாசிலாமணி என்று ஒரு திருத்துக்காரர் இருந்தார். மலைக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்பது தனக்கு அத்துப்படி என்பார். நம் தாளைக் கொடுத்தால் அடித்து, திருத்தி, மெருகேற்றித் தருவார். மூன்று முறை திருத்தியதை உலகம்மை பார்த்தாள். நாலாவது திருத்தத்தைப் பார்ப்பதற்குள் தாள் கொடுக்கும் கடைசி நாள் வந்துவிட்டது. நல்லா வந்திருக்கு, நேரா மேல அனுப்பிருதேன் என்றார். அவளும் சரி என்றுவிட்டாள்.

முதல் கொடியிலிருந்து ஆரம்பித்தாள்.

ஒரு தாளில் இருந்தது: வெறும் தரையில் எறும்பு வரிசை ஓர் இடத்தில் மட்டும் வளைந்து போகிறது. அங்கே ஒன்றுமே இல்லை. எதைச் சுற்றிப் போகின்றன? ஏழு நாள் குப்புறப் படுத்துப் பார்த்தேன். அம்மா அடித்தாள்.

உலகம்மை வாய்விட்டுச் சிரித்தாள்.

இன்னொரு தாள்: மந்தையில் அறுபது ஆடு. பிறந்த குட்டி அரை நாழிகையில் தன் தாயைக் கண்டுபிடித்துவிடுகிறது. என் கண்ணைக் கட்டிக்கொண்டு மந்தைக்குள் நடந்தேன். முட்டு வாங்கியதுதான் மிச்சம்.

இன்னொன்று: நானும் என் தங்கையும் இரட்டை. அவளுக்குப் பாட்டு வருகிறது. அண்ணன் எனக்கு வரவில்லை. கோபம் போய்விட்டது. ஏன் என்ற கேள்வி போகவில்லை.

இதை எழுதியவனைப் பார்க்க வேண்டும் போல உலகம்மைக்கு இருந்தது. அவன் சத்திரத்தில்தான் எங்கோ இருப்பான், கழுதையின் காதைப் பார்த்துக்கொண்டு. இவனைச் சேர்க்காவிட்டால் இந்த மலை இருந்து என்ன புண்ணியம் என்று தோன்றியது. தோன்றியதுமே பயம். இருப்பது பதினொரு இடம்.

அன்று சாயங்காலத்துக்குள் பத்துக் கொடி முடிந்தது. கடல் தட்டுப்படவில்லை.

கை கால் கழுவக் கொல்லைக் கிணற்றுக்குப் போனாள். குழல்வாய்மொழி அங்கே தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். சாரல் எலும்பைத் துளைத்தது. உலகம்மை வாளிக்குள் கையை விட்டதும், "இங்கயும் வெதுவெதுன்னுதான் இருக்கு," என்றாள், தனக்குத்தானே.

"என்னது?"

"ஒண்ணுமில்லம்மா. மார்கழியில எங்க ஊர்க் கிணறும் இப்படித்தான். சித்திரையில சில்லுன்னு இருக்கும். தண்ணி ஏன் அப்படி மாறி மாறிச் செய்யுதுன்னு சின்ன வயசுல ஒரே குடைச்சல்."

"அப்புறம்?"

உலகம்மை கொஞ்சம் வெட்கப்பட்டாள். பிறகு சொன்னாள். மார்கழி விடியலில் வீட்டுத் தேங்காய் எண்ணெய் உறைந்து கிடக்கும். அந்தக் குப்பியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்குவாள். கொஞ்ச நேரம் கழித்துத் தூக்கினால் எண்ணெய் இளகியிருக்கும். மார்கழியில், தையில், மாசியில், தினமும் இறக்கினாள். ஒரு வருடம் அல்ல, நாலு வருடம். ஒரு நாள் கூட உள்ளே உறையவில்லை.

"தண்ணி மாறவே இல்லம்மா. எப்பவும் ஒண்ணுபோலத்தான் இருக்கு. மேல நிக்கிற நாமதான் மாறுதோம். ஆனா குளிர் எவ்வளவு ஆழம் வரைக்கும் எறங்கும்? எந்த எடத்துல நின்னுபோகும்? அந்த எடத்தை நான் தொட்டுப் பாக்கணும்."

பேசும்போது அவள் கைகள் கிணற்றுக்குள் அளந்துகொண்டிருந்தன. சத்திரத்து உலகம்மையை அறிந்தவர்கள் இவளை அவள் என்று சொல்ல மாட்டார்கள்.

குழல்வாய்மொழி வாளியைக் கீழே வைத்தாள். உள்ளே போய் ஒரு சிறு குப்பி எண்ணெயோடு வந்தாள். மலைக் குளிரில் எண்ணெய் வெள்ளையாகக் கட்டியிருந்தது. இருவரும் அதைக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். கிணற்றின் வாயில் மேகம் இறங்கிக் கயிற்றை மறைத்தது. கயிறு எதுவும் இல்லாத இடத்திலிருந்து தொங்குவதாக இருந்தது. இரண்டு பெண்களும் கைப்பிடிச் சுவரில் குனிந்து, உலகத்தில் வேறு வேலையே இல்லாதவர்களாக நின்றார்கள்.

தூக்கினார்கள். எண்ணெய் இளகியிருந்தது.

குழல்வாய்மொழி குப்பியை வெளிச்சத்தில் ஆட்டி ஆட்டிப் பார்த்தாள். சளியை மறந்துபோனாள். பிறகு துண்டை இறுக்கிக்கொண்டு விறுவிறுவென்று கூடத்துக்குள் போனாள். முதல் கொடியின் முதல் தாளின் முன்னால் போய் நின்று படிக்க ஆரம்பித்தாள்.

தாள் பார்க்கிறவளுக்குத் தாள் பார்க்கிற வேலை. உலகம்மை அப்படித்தான் நினைத்தாள்.

அந்தக் கிணற்றைத்தான் அவள் இந்தத் தடவை முதலில் எழுதியிருந்தாள். ஒரே மூச்சில், ஒரே மத்தியானத்தில். எழுதியதும் பயம் பிடித்துக்கொண்டது. மாசிலாமணியிடம் எடுத்துப் போனாள். அவர் படித்துவிட்டு அவளை இரக்கத்தோடு பார்த்தார். கிணறு சின்னது, கடல் பெரியது, மலைக்குப் பெரிய விஷயம்தான் எடுபடும் என்றார். எண்ணெய்க் குப்பியை முதலில் அடித்தார். பிறகு மார்கழியை. மூன்றாம் திருத்தத்தில் கிணறே கடல் ஆகிவிட்டது. உலகம்மை கடலைப் பார்த்ததே இல்லை. அதைச் சொன்னபோது, மலைக்காரர்கள் மட்டும் தினமும் பார்க்கிறார்களா என்று கேட்டுவிட்டார்.

இரண்டாம் நாள் காலை, பதின்மூன்றாம் கொடியில் கிடைத்தது.

'ஆழ்கடலே, உன் அடியில் உறங்கும் முத்துக்களைப் போல என்னுள் உறங்கும் வினாக்கள் ஆயிரம்.'

குச்சியை உருவித் தாளை எடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கூடத்தின் இன்னொரு பக்கம் மேகத்துக்குள் எங்கோ குழல்வாய்மொழி தும்முவது கேட்டது. அந்தப் பக்கம் திரும்பி நாலு எட்டு வைத்தாள்.

பதினான்காம் கொடி.

'என்னுள் உறங்கும் வினாக்கள், ஆழ்கடலின் அடியில் உறங்கும் முத்துக்கள்.'

உலகம்மை நின்றாள். கையிலிருந்த தாளைப் பார்த்தாள். கொடியில் இருந்ததைப் பார்த்தாள். இரண்டையும் எடுத்துக்கொண்டாள்.

பதினைந்தாம் கொடியில் முத்து இல்லை, அலை இருந்தது. ஓயாத அலை, ஓயாத தேடல். பதினாறில் அலையும் முத்தும் சேர்ந்து இருந்தன. பதினெட்டில் கலங்கரை விளக்கம்.

அன்று பொழுது சாய்வதற்குள் எல்லாக் கொடியும் முடிந்தது. அவள் கையில் இருபத்து மூன்று கடல்கள் இருந்தன.

மாசிலாமணியைத் திட்டக் கூட அவளுக்குத் தோன்றவில்லை. தன் தாள் இதில் எது என்பதுதான் கவலை. ஒன்று தன்னுடையது. அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் பதில் கிடைக்கும்.

மூன்றாம் நாள் காலை இருபத்து மூன்றையும் தரையில் பரப்பினாள். ஈரம் படாமல் ஓரங்களில் கூழாங்கல் வைத்தாள். ஒவ்வொன்றாகப் படித்தாள். மறுபடி படித்தாள். மூன்றாம் திருத்தத்தில் ஒரே ஒரு வார்த்தையை எடுக்க வேண்டாம் என்று மாசிலாமணியிடம் கெஞ்சியிருந்தாள். வெதுவெதுப்பு. அவரும் சரி, இருக்கட்டும் என்று சொல்லியிருந்தார். அந்த வார்த்தையைத் தேடினாள். இருபத்து மூன்றிலும் இல்லை.

பிறகு வேறு மாதிரி யோசித்தாள். இதை நான் எழுதியிருப்பேனா என்று ஒவ்வொரு தாளாகக் கேட்டாள். எழுதியிருக்கலாம். இதை? இதையும் எழுதியிருக்கலாம். எதுவும் அவளை மறுக்கவில்லை. எதுவும் அவளைத் தெரிந்துகொள்ளவும் இல்லை.

பேசாமல் ஏதோ ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டால் என்ன? இருப்பதில் நன்றாக இருப்பதை? பொறுக்கிப் பார்த்தாள். நன்றாக இருப்பது என்றும் ஒன்று இல்லை. எறும்பைப் படித்த கண்ணுக்கு, ஆட்டுக்குட்டியைப் படித்த கண்ணுக்கு, இருபத்து மூன்றும் ஒன்றாகத்தான் இருந்தன. கொடியில் மற்றவர்கள் தாள்களோடு பார்த்திருந்தால் இரண்டாவது வரிக்கு மேல் அவளே போயிருக்க மாட்டாள்.

அவளுக்கு அழுகை வந்தது. அவமானமாக இருந்தது. யார் முன்னால் என்று தெரியவில்லை, அங்கே யாரும் பார்க்கவில்லை. இருந்தாலும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

மத்தியானம் எழுந்தாள். இருபத்து மூன்று தாள்களையும் பழையபடி கொடிகளில் செருகினாள். அவள் கைகள் காலியாக இருந்தன.

குழல்வாய்மொழியைத் தேடிக்கொண்டு போனாள். கூடம் முழுக்க மேகம் நிறைந்திருந்தது. தாள்கள் முகத்தில் பட்டன, விலகின. எத்தனையாவது கொடி என்பது கூடத் தெரியவில்லை. ஒரு தும்மல் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

கடைசிக் கொடியின் கடைசித் தாளுக்கு முன்னால் குழல்வாய்மொழி நின்றுகொண்டிருந்தாள். கண்கள் சிவந்திருந்தன. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிட்டவள் முகமாக இல்லை.

"அம்மா," என்றாள் உலகம்மை. "எல்லாத் தாளையும் பாத்துட்டேன். என் தாளைக் காணோம்."

குழல்வாய்மொழி அந்தக் கடைசித் தாளைக் கடைசி வரி வரை படித்து முடித்தாள். பிறகு திரும்பினாள்.

"முந்தாநாள் சாயங்காலத்துலேர்ந்து நானும் அதத்தான் தேடிக்கிட்டு இருக்கேன்க்கா."